பன்னிரண்டு வயிறும் ஒரு தராசும்

1

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, பதினொரு வயதான என் பேத்தி யாழினி தராசில் ஏறி நின்றாள். ஐம்பது கிலோ நானூறு கிராம். நான் இப்போது எழுதுவதெல்லாம் அந்த நானூறு கிராமினால் வந்தது.

நாங்கள் ஆக்லாந்தில் இருக்கிறோம். எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் சிறுவர் ரக்பி மன்றம் ஒன்று இருக்கிறது. ரக்பி என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முட்டை வடிவப் பந்தை ஒருவர் மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுவார், எதிரணியினர் அவரை இடுப்பிலும் காலிலும் பிடித்து வீழ்த்துவார்கள். பாடாமல் ஆடும் சடுகுடு என்று வைத்துக்கொள்ளலாம். இந்த ஊர்ப் பிள்ளைகள் சிலர் பதினொரு வயதிலேயே நெல் குதிர் மாதிரி இருப்பதால், வயதோடு எடையையும் பார்த்துப் பிரிவு பிரிக்கிறார்கள். யாழினியின் பிரிவில் ஐம்பது கிலோவுக்கு மேல் போகக்கூடாது. போனால் மேல் பிரிவு. அவளுடைய தோழிகள் எல்லாம் கீழ்ப் பிரிவில்.

அந்த எடையைப் பார்த்துத் தாளில் எழுதும் பொறுப்பு என்னுடையது. அணியின் முதலுதவிக்காரன் நான்தான். எழுபத்தொன்பது வயதில் இந்தப் பதவி கிடைத்தது ஒரு விபத்து. இரண்டு வருஷத்துக்கு முன் பேத்தியின் ஆட்டத்தைப் பார்க்கப் போயிருந்தபோது பக்கத்தில் ஒரு பையனுக்கு மூக்கில் ரத்தம் வந்தது. முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் இருந்தவன் என்பதால் கை தானாகப் போய் மூக்கைப் பிடித்துவிட்டது. பயிற்சியாளர் மாலியா என்ற சமோவா நாட்டு அம்மாள் அதைப் பார்த்தார். அடுத்த வாரம் சிவப்புப் பை ஒன்று என் தோளில் தொங்கியது.

பை வந்த பிறகுதான் காகிதங்கள் வந்தன. பிள்ளைகளோடு பழகுகிறவர்கள் மீது குற்றப் பதிவு எதுவும் இல்லை என்று காவல்துறையில் சான்று வாங்க வேண்டுமாம். என் கடவுச்சீட்டில் என் பெயருக்குப் பின்னால் அப்பாவின் பெயர் இருக்கிறது. எது ஊர்ப்பெயர், எது குடும்பப்பெயர், எது நான் என்று புரியாமல் அவர்கள் அப்பாவைப் பற்றியும் விசாரித்துவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து, என் தகப்பனார் மீது நியூசிலாந்தில் எந்த வழக்கும் இல்லை என்ற பொருளில் ஒரு கடிதம் வந்தது. அவர் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பாபநாசத்தைத் தாண்டி இரண்டே முறைதான் போனவர். இறந்து முப்பது வருஷம் ஆகிறது. கடிதத்தை அவர் படத்துக்குக் கீழே வைத்தேன்.

பிறகு முதலுதவி வகுப்பு. ரப்பர் பொம்மையின் மார்பை அழுத்தினேன். தலையில் அடிபட்ட பிள்ளையைக் களத்தைவிட்டு வெளியே கொண்டுவந்துவிட வேண்டும், அது அழுதாலும் அதன் அப்பா கத்தினாலும் அன்று திரும்ப அனுப்பக்கூடாது என்று படித்தேன். எங்கள் காலத்தில் தலையில் அடிபட்டால் ஒரு கோலி சோடா. முகத்தில் பாதி, வாயில் பாதி.

சரி, தராசுக்கு வருகிறேன். முதல் வருஷம் வரிசையில் நின்ற பிள்ளைகளிடம் மரியாதையாகப் பேச வேண்டும் என்று நினைத்து, "வாட் இஸ் யுவர் குட் வெய்ட்?" என்று கேட்டுவிட்டேன். நம் ஊரில் நல்ல பெயர் கேட்பதில்லையா, அந்தப் பழக்கம். யாழினி முகத்தை மூடிக்கொண்டாள். "தாத்தா, ப்ளீஸ், டோன்ட் டாக். ஜஸ்ட் ரைட்" என்றாள். அதிலிருந்து நான் பேசுவதில்லை. எழுதுகிறேன்.

இந்த வருஷம் ஐம்பது நானூறு என்று எழுதப் போனபோது என் மகன் குமரன் பேனாவைப் பிடித்துக்கொண்டான்.

"அப்பா, இருங்க. நானூறு கிராம். ரெண்டு தோசை. எடை பார்க்கறது முடிய இன்னும் ஒரு மணி நேரம் டைம் இருக்கு. ஓடட்டும், பாத்ரூம் போகட்டும்." பிறகு சிரித்தான். "இல்லன்னா உங்க டெக்னிக்தான். பேதிக்குக் கொடுத்துடுங்க."

அதையே அவன் ஆங்கிலத்திலும் சொல்ல, மாலியா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவருக்கும் கதை தெரியும். எங்கள் வீட்டுப் பிறந்தநாள் விருந்துகளில் குமரன் அதைச் சொல்லாமல் கேக் வெட்டியதில்லை. "எங்கப்பா ஊர்ல சடுகுடு டீமுக்கு எடை குறைக்க, பன்னெண்டு பசங்களுக்கும் ஒரே நாள்ல பேதி மருந்து கொடுத்தவர்" என்பான். இவ்வளவுதான் கதை. சொல்கிற விதத்தில் சிரிப்பு வரும். நானும் கூடச் சிரிப்பேன்.

யாழினி தராசிலிருந்து இறங்கி வந்தாள். இதுவரை அவள் இதைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

"தாத்தா, டிட் யூ ரியலி டூ தட்? அவங்களுக்கு வலிக்கலையா?"

"இல்லை" என்றேன்.

"வலிக்கலையா?"

"நான் கொடுக்கவே இல்லை."

இந்தச் சொல்லை நான் சொல்ல ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அதுவும் இருபது பிள்ளைகள் ஷூ மாட்டிக்கொண்டிருந்த ஒரு கொட்டகையில்.

2

எழுபதுகளின் தொடக்கம். புதிய கட்சி ஆட்சிக்கு வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. எங்கள் ஊர் பாபநாசத்துக்குத் தெற்கே, வயல்களுக்கு நடுவே. டீக்கடையில் ஒரு பக்கம் ஆளுங்கட்சிப் பத்திரிகை, மறு பக்கம் செங்கொடி. நில உச்சவரம்பு, குத்தகை, அறுப்புக் கூலி என்று ஏதாவது ஒன்று ஊரில் புகைந்துகொண்டே இருக்கும். ஒரு வாரம் வயலில் கொடி நடுவார்கள். மறுவாரம் போலீஸ் வேன் வந்து வரப்போரம் நிற்கும்.

நான் இருபத்தாறு வயதில் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். தற்காலிகப் பணி. தனியார் நிர்வாகப் பள்ளி. அதன் செயலாளர் அரிசி ஆலை வைத்திருந்தவர். ஊரில் அவரை மில் ஐயா என்பார்கள். நூறு வேலிக்கு மேல் நிலம் இருந்த காலம் போய், உச்சவரம்புப் பேச்சு வந்ததும் அதைப் பதினாறு உறவினர் பெயரில் எழுதிவைத்தவர். அந்தப் பதினாறில் ஒன்று பிறந்து நாற்பது நாளான குழந்தை. மில் வாசல் கதவுக்குக் கறுப்பும் சிவப்பும் அடித்தது ஆட்சி மாறிய மறுமாதம்.

பொங்கலுக்கு எங்கள் பள்ளி மைதானத்தில் சுற்றுவட்டாரச் சடுகுடுப் போட்டி நடக்கும். எங்கள் அணி பள்ளி மாணவர்கள் பன்னிரண்டு பேர். மிராசுதார் வீட்டுப் பையன், குத்தகைக்காரர் வீட்டுப் பையன், தெற்குத் தெருவில் கூலிவேலை செய்கிறவர்கள் வீட்டுப் பையன் எல்லாரும் அதில் கலந்திருந்தார்கள். வயலில் அவர்களுடைய அப்பாக்கள் எதிரெதிரே நிற்பார்கள். மைதானத்தில் பிள்ளைகள் கையைக் கோத்துக்கொண்டு ஒரே சங்கிலியாக நிற்பார்கள். அந்தக் காட்சிக்காகவே தலைமையாசிரியர் போட்டியை விடாமல் நடத்தினார்.

அதற்கு முந்திய வருஷம் ஒரு பையனுக்குக் காறை எலும்பு முறிந்தது. கட்டு வைத்தியர் மூங்கில் பத்தையும் முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் வைத்துக் கட்டினார். கட்டைப் பிரித்தபோது தோள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இந்த வருஷம் மருத்துவ ஏற்பாடு உங்க பொறுப்பு."

"சார், நான் பௌதிகம்."

"எலும்பும் நெம்புகோல்தானே? நீங்கதானே போன வாரம் வகுப்புல சொன்னீங்க? பாருங்க."

நான் மனப்பூர்வமாகத்தான் செய்தேன். இதை யாராவது நம்ப வேண்டும். டிஞ்சர், பஞ்சு, கட்டுத் துணி வாங்கினேன். குளுக்கோஸ் இரண்டு பாக்கெட் வாங்கினேன், ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே நடுவர்கள் அதை நக்கித் தீர்த்தார்கள். தூக்கிப் போக ஒரு கயிற்றுக் கட்டில். ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு மாட்டுவண்டி. வண்டி கிடைத்தது, அறுவடைக் காலம் என்பதால் மாடுகள் போரடிக்கப் போயிருந்தன. ஆபத்து என்றால் நாங்களே இழுப்பது என்று முடிவானது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு யோசனை வந்தது. ஆடப் போகிற ஒவ்வொருவரையும் முன்கூட்டியே டாக்டரிடம் காட்டி, ஆடத் தகுதி உண்டு என்று எழுதி வாங்குவது. எங்கள் வட்டாரத்தில் யாரும் அதுவரை செய்யாதது.

3

எடைப் பிரிவு அன்றும் ஐம்பது கிலோதான். போட்டிக்கு முதல்நாள் காலை பன்னிரண்டு பேரையும் சைக்கிள்களில் ஏற்றி, பக்கத்துச் சிற்றூரின் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் இளைஞர். நான் கோடு போட்டுக் கொண்டுபோயிருந்த தாளைப் பார்த்து ரொம்பச் சந்தோஷப்பட்டார். பெயர், பிறந்த தேதி, எடை, நெஞ்சு, மண்ணீரல்.

பிறந்த தேதிப் பத்தியைப் படித்ததும் நிமிர்ந்தார்.

"என்ன சார், பன்னெண்டு பேரும் ஜூன் ஒண்ணாம் தேதி பொறந்திருக்காங்க?"

"பள்ளிக்கூடத்துல சேர்க்கிற அன்னைக்கு நாங்க போடற தேதிங்க அது."

"உங்க ஊர்ல மத்த மாசத்துல பிள்ளையே பெக்க மாட்டாங்களோ?"

பையன்கள் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்துக்கொண்டே ஒவ்வொருவராகத் தராசில் ஏற்றினார். அந்த மாதம்தான் வந்திறங்கிய புதுத் தராசு. அரசு முத்திரையோடு பளபளவென்று இருந்தது. கலியபெருமாள் ஐம்பத்து மூன்று. அவன் எங்கள் அணியில் முதலில் சடுகுடு பாடிப் போகிறவன், பத்தாம் வகுப்பு. அப்பா கோவிந்தன் குத்தகை விவசாயி. ஏழு பேர் ஐம்பதைத் தாண்டியிருந்தார்கள். டாக்டர் எல்லாருக்கும் தகுதி உண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

திரும்பி வருகிற வழியில் கட்டு வைத்தியர் எதிர்ப்பட்டார். நான் டாக்டரைத் தேடிப் போனதில் அவருக்குக் கோபம். இருந்தாலும் விஷயத்தைக் கேட்டதும் மனசு இளகியது.

"ஏழு பேர் மேல போயிட்டாங்களா? இதுக்கா முழிக்கிறீங்க? பேதிக்கு நிலாவரை இலை இருக்கு. ஆளுக்கு ஒரு டம்ளர் கஷாயம். சாயங்காலத்துக்குள்ள பஞ்சு மாதிரி ஆயிடுவாங்க."

"வேணாங்க. நாளைக்கு ஆட்டத்துல மயக்கம் போட்டு விழுவாங்க. உடம்புல தண்ணி வத்திப்போகும்."

"எங்க தாத்தா காலத்துலேர்ந்து யாரும் வத்தல."

"வேணவே வேணாங்க" என்றேன். பையன்களிடமும் திரும்பிச் சொன்னேன். "எல்லாரும் வழக்கம்போல சாப்பிடுங்க. எடை கூட இருந்தா ஆட வேணாம். அவ்வளவுதான்."

என் வாழ்நாளில் நான் எடுத்த ஒரே சரியான மருத்துவ முடிவு அது.

4

போட்டிக்கு வந்த எல்லா அணிகளுக்கும் அன்று சாயங்காலம் எடை பார்த்தோம். ஆள் நிற்கிற தராசு ஊரில் ஒன்றுதான் இருந்தது. மில்லில் நெல் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு. இரும்புக் கோலில் ஒரு குண்டை நகர்த்தி, கோல் நேராக நிற்கிற இடத்தில் எடையைப் படிப்பார்கள்.

நிறுவைக்காரர் சாம்பசிவம் முப்பது வருஷமாக மூட்டைகளை மட்டுமே எண்ணியவர். முதல் மூட்டைக்கு ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று சொல்வது அளவைக்காரர்கள் வழக்கம். அவர் அதை விடவில்லை. எங்கள் பக்கத்தில் முதலில் ஏறிய பையனை, "லாபம்" என்று ராகம் போட்டுக் கூவினார். அடுத்தவன் "ரெண்டேய்". மேடையில் நின்ற பையனின் இடுப்பில் இரும்புக் கொக்கியைப் போட்டு இழுக்காததுதான் குறை.

எங்கள் ஏழு பேரும் ஐம்பதுக்குள் வந்தார்கள். கலியபெருமாள் சரியாக ஐம்பது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து ஊர் அணியில் முறுக்கு மீசையோடு ஒருவர் ஏறினார். தொப்பை இருந்தது.

"ஐம்பது" என்றார் சாம்பசிவம்.

"இவரா?" என்றேன். "ஏங்க, உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஒரு பையன் இருக்கான் சார். அவனும் ஆட வந்திருப்பான், இன்னும் பல்லு மொளைக்கல."

எல்லா ஊர்க்காரர்களுக்கும் பரம சந்தோஷம். ஒருவர் கூட வெளியேற்றப்படாத எடைப் பார்வை அந்த வட்டாரத்தில் அதுதான் முதல். மறுநாள் அரையிறுதியில் அந்த மீசைக்காரரின் தொப்பையைக் கட்டிப்பிடிக்க முடியாமல் எங்கள் அணி தோற்றது. கடைசியில் அவருக்குக் கணுக்கால் பிசகியது. ஒரு காலை நான் பிடிக்க, மற்றக் காலைக் கட்டு வைத்தியர் பிடிக்க, இருவரும் இழுத்த இழுப்பில், பிசகியது எந்தக் கால் என்பது கடைசிவரை தெரியவில்லை.

ஆனால் அன்று சாயங்காலமே, மில் முற்றத்தில், கலியபெருமாள் என் தாளை எட்டிப் பார்த்தான். காலையில் எழுதிய பத்திக்குப் பக்கத்தில் நான் மாலை எடையையும் எழுதியிருந்தேன்.

"சார், காலையில அம்பத்திமூணு. இப்ப அம்பது. சேகருக்கு அம்பது, இப்ப நாப்பத்தேழு. எல்லாருக்கும் மூணு கிலோ சார். எங்க போச்சு?"

மில்லுக்கு நெல் மூட்டை விற்க வந்திருந்த அவன் அப்பா கோவிந்தன் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். ஒரு மூட்டை நெல்லும் ஒரு பையனும் ஏறக்குறைய ஒரே எடை. அவர் மகனைப் பார்த்தார், தன் மூட்டைகளைப் பார்த்தார், தராசைப் பார்த்தார்.

"வருஷா வருஷம் களத்துல ஒரு எடை, இங்க ஒரு எடையா இருக்கேன்னு கேட்டா, ஈரம் காய்ஞ்சுபோச்சும்பாங்க" என்றார் மெதுவாக. "நெல்லு காயும். எம் பையனுமாடா காய்ஞ்சுட்டான்?"

5

பொங்கல் முடிந்த வாரம் விவசாயச் சங்கத்துத் தோழர் ரத்தினம் எடையளவு இன்ஸ்பெக்டரை ஊருக்கு வரவழைத்துவிட்டார். இன்ஸ்பெக்டர் முத்திரைக் கற்களோடு வந்து தராசைச் சோதித்தார். மிகச் சரியாக இருந்தது. இடையில் ஒரு கொல்லர் வந்துபோனதை ஊரே பார்த்திருந்தது. தராசு குணமாகிவிட்டது. அது நோயாளியாக இருந்ததற்கு ஒரே சாட்சி, அரசு டாக்டரின் கையெழுத்தோடு என்னிடம் இருந்த அந்த மருத்துவத் தாள்.

அந்தத் தாளை வைத்து ஊர் முன்னால் விசாரிப்பதாக இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார். விசாரணைக்கு முதல்நாள் மில் ஐயா எனக்கு ஆள் அனுப்பினார். மிரட்டவில்லை. நாற்காலியில் உட்கார வைத்தார். காபி கொடுத்தார். நல்ல காபி, அதையும் சொல்லிவிட வேண்டும்.

"வாத்தியாரே, உங்களை நிரந்தரம் பண்ற பைல் எம் மேசையிலதான் இருக்கு. ஜூன்ல போட்டுடலாம்."

"சரிங்க ஐயா."

"சடுகுடுப் பசங்கன்னா எடை குறைக்க ஏதாச்சும் குடுக்கறது வழக்கம்தானே? நீங்களும் குடுத்திருப்பீங்க."

நான் காபியைக் குடித்தேன். அவர் கேள்வி கேட்கவில்லை. பதிலைத்தான் கொடுத்தார்.

மறுநாள் மில் முற்றத்தில் இருநூறு பேராவது இருந்தார்கள். பன்னிரண்டு பையன்களும் வரிசையாக நின்றார்கள். இன்ஸ்பெக்டர் என் தாளைக் கையில் வைத்திருந்தார்.

"காலையில எழுதின எடை சரிதானா?"

"சரிதாங்க."

"சாயங்காலம் எழுதினது?"

"அதுவும் சரிதாங்க."

"அப்ப மூணு கிலோ எங்க போச்சு?"

"நடுவுல பேதிக்குக் கொடுத்தேங்க."

சிரிப்பு கிளம்பியது. மில் ஆட்கள் சிரித்தார்கள், சங்கத்துக்காரர்கள் சிரித்தார்கள், வேன் ஓரம் நின்ற போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். தோழர் ரத்தினம் மட்டும் சிரிக்கவில்லை.

"பன்னெண்டு பேருக்குமா சார்?"

"பன்னெண்டு பேருக்கும்."

"பன்னெண்டு வயித்துலேர்ந்தும் மரக்கால்ல அளந்து ஊத்தினாப்புல மூணு மூணு கிலோவா போச்சு? இது உங்க சயின்ஸுல எந்தப் பாடம் சார்?"

மறுபடியும் சிரிப்பு. இன்ஸ்பெக்டர் வரிசையின் முன்னால் நின்றவனிடம் திரும்பினார். கலியபெருமாள்.

"தம்பி, உனக்கு வாத்தியார் மருந்து கொடுத்தாரா?"

அவன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். வகுப்பில் நான் கேட்ட கேள்விக்குப் பக்கத்துப் பையன் விடை தெரியாமல் விழித்தால், அவனுக்கு எடுத்துக்கொடுக்கலாமா என்று என்னைப் பார்ப்பானே, அதே பார்வை.

"கொடுத்தாருங்க."

"குடிச்சியா?"

"குடிச்சேங்க."

"எப்படி இருந்துச்சு?"

"கசப்பா இருந்துச்சுங்க."

கூட்டத்துக்குள்ளிருந்து கோவிந்தன் வந்தார். மகனைத் திட்டவில்லை. என் முன்னால் நின்று, தோளில் இருந்த துண்டை எடுத்து ஒரு முறை உதறினார்.

"நம்பித்தானே சார் பிள்ளைய அனுப்புனேன்" என்றார்.

இன்ஸ்பெக்டர் புகாரை முடித்துவைத்தார். ஜூன் மாதம் எனக்கு வேலை நிரந்தரம் ஆனது. பின்னால் தலைமையாசிரியரும் ஆனேன். அடுத்த வருஷமும் மருத்துவ ஏற்பாடு என்னிடமே வந்தது. பையன்களின் எடையை நான் பிறகு எழுதவே இல்லை. நெஞ்சும் மண்ணீரலும் மட்டும் பார்த்தோம்.

அந்தப் பன்னிரண்டு பேரை ஊர் பேதி டீம் என்று கூப்பிட ஆரம்பித்தது. சிரிப்பான கதை அல்லவா? கல்யாணம் ஆனதும் மாமனார் வீட்டில் அதைச் சொன்னேன். ஆசிரியர் அறையில் சொன்னேன். மகன் பிறந்து வளர்ந்ததும் அவனுக்குச் சொன்னேன். சொல்லச் சொல்ல நிலாவரைக் கஷாயத்தின் வாசனை கூட எனக்கு ஞாபகம் வந்தது.

6

ஆக்லாந்துக் கொட்டகையில், கொடுக்கவே இல்லை என்று நான் சொன்னதும் குமரன் பேனாவை விட்டான்.

"அப்ப நான் இத்தனை வருஷமா எல்லார்கிட்டயும் சொன்னது?"

"நான் உனக்குச் சொன்னதைத்தான் நீ சொன்னே."

ஐம்பது கிலோ நானூறு கிராம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யாழினி மேல் பிரிவுக்குப் போனாள். அங்கே அலமாரிகளை ஜெர்சி போட்டு நிறுத்திவைத்தது போல் பிள்ளைகள். முதல் ஆட்டத்தில் அவளை ஒருத்தி பந்தோடு சேர்த்துத் தூக்கிக் கோட்டுக்கு வெளியே வைத்தாள். யாழினி ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. பத்தாம் நாள் விரலுக்குப் பிளாஸ்திரி போட வேண்டியிருந்ததால் பேசினாள். இப்போது அவளும் ஒன்றிரண்டு அலமாரிகளைச் சாய்க்கிறாள். ஆட்டத்துக்கு ஆட்டம் காயமும் கூடுகிறது, என் பதவியும் உயர்கிறது.

ஆனால் எனக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. பழைய மாணவர்களின் வாட்ஸாப் குழு ஒன்று உண்டு. அதில் கேட்டு, கலியபெருமாளின் எண்ணை வாங்கினேன். அவர் ஒரத்தநாட்டில் மகள் வீட்டில் இருக்கிறார். எழுபதைத் தொட்டுவிட்டார். மூன்று வாரம் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். போன ஞாயிறு மதியம், அங்கே காலை ஏழு மணி இருக்கும், கூப்பிட்டேன்.

"யாரு?"

பெயரைச் சொன்னேன்.

"சாரா! சார், நல்லா இருக்கீங்களா? இருங்க சார், உக்காந்துக்கறேன்." நின்றுகொண்டு பேசியிருக்கிறார் போலிருக்கிறது. அல்லது என் குரலைக் கேட்டதும் எழுந்துவிட்டாரோ என்னவோ. "வெளிநாட்டுல என்ன சார் பண்றீங்க?"

"பிள்ளைங்களுக்கு எடை பாக்கறேன்."

அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு. "விடலையா சார் அதை?"

நானும் சிரித்துவிட்டு அப்படியே வேறு பேச்சுக்குப் போயிருக்கலாம். அதுதான் எனக்குப் பழக்கம். நிறுத்திக்கொண்டேன்.

"கலியபெருமாள், அன்னைக்கு மில்லுல நான் சொன்னது பொய்."

"அது எனக்குத் தெரியாதா சார்? நாந்தானே கூட நின்னேன்."

"நீ ஏம்ப்பா குடிச்சேன்னு சொன்னே?"

ஒரு ஆட்டோ போகிற சத்தம் கேட்டது.

"நீங்க மாட்டிக்குவீங்களேன்னுதான் சார். அவ்வளவு பேரு சிரிச்சாங்க. இல்லன்னு சொன்னா உங்களை அங்கயே பிடிச்சுக்குவாங்கன்னு நெனச்சேன். பத்தாங்கிளாஸ் புத்தி."

"அப்பாகிட்ட பின்னாடியாவது உண்மையச் சொன்னியா?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். அன்னைக்கு வீட்டுக்குப் போனதும் எங்கம்மா மோர்க்கஞ்சி வெச்சுக் குடுத்துச்சு, வயிறு புண்ணாயிருக்கும்னு. ஒரு வாரம் சார். காரமே போடல. அப்புறம் எப்படிச் சொல்றது? அப்படியே போயிடுச்சு. உங்களத்தான் ஏசுவாரு. வெளக்கெண்ண வாத்தியார்னு பேரு வெச்சிருந்தாரு உங்களுக்கு. மன்னிச்சுக்குங்க."

"இருக்கட்டும்."

"ஆனா சார்," என்று நிறுத்தினார். சிரிப்பு போய்விட்டது. "கொஞ்ச மாசந்தான் அந்தத் தராசு ஒழுங்கா இருந்துச்சு. குறுவை அறுப்புக்கு மறுபடியும் பழைய குணம் வந்துடுச்சு. எல்லாரும் மொணமொணத்தாங்க. எங்கப்பாதான் அவங்களோட சண்டைக்குப் போவாரு. தராசு மேல தப்பில்ல, எம் பையனே சொன்னான்னு சொல்லுவாரு. அதுக்கப்புறம் மூட்டை ஏத்தினா குண்டு எங்க நிக்குதுன்னு பாக்கவே மாட்டாரு சார். அந்தாண்டை திரும்பி நிப்பாரு. மில்ல மூடற வரைக்கும் அப்படித்தான் நின்னாரு. அவரு என்னைய நம்புனாரு சார்."

நான் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன்.

அவரேதான் பேச்சை எடுத்தார். "சார், நீங்க பத்திரிகையில எல்லாம் எழுதுவீங்கன்னு எம் மக சொல்லும். இதை எழுதுங்க. பன்னெண்டு பேர்ல எட்டு பேரு இருக்கோம். பேரன் பேத்தி எடுத்தாச்சு. இன்னும் கல்யாண வீட்டுக்குப் போனா பேதி டீம் வந்துடுச்சு, ரசம் பாத்து ஊத்துங்கறாங்க. நாங்க ஒண்ணுமே குடிக்கலன்னு நீங்க எழுதிடுங்க."

"எழுதறேன்."

"தமாஷா எழுதிடாதீங்க சார். நீங்க தமாஷா சொன்னா எல்லாரும் அதைத்தான் நம்பறாங்க."

அவர் கேட்ட மாதிரி முழுவதும் எழுத எனக்கு வரவில்லை. வேறு விதமாகச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. ஆனால் இந்தக் கடைசிப் பத்தியில் தமாஷ் இல்லை. இன்ஸ்பெக்டர் கேட்ட கேள்விக்கு இது என் பதில்.

அன்று காலை பன்னிரண்டு பேரும் அவரவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். மதியமும் சாப்பிட்டார்கள். நான் யாருக்கும் எந்த மருந்தும் கொடுக்கவில்லை. டாக்டர் எழுதிய எடை சரி. மில் தராசு காட்டிய எடை தவறு. கோவிந்தன் மகன் கலியபெருமாள் எதையும் குடிக்கவில்லை.